ஒன்லைனில் டயட்டீஷியன்: வன்னி வீட்டிலிருந்து கதைக்க முன்

"சீனி கூடியிருக்கு, சாப்பாட்டைக் குறையுங்கோ." கிளினிக்கில் டொக்டருக்குக் கிடைக்கும் நேரத்தில் இதற்கு மேல் சொல்ல முடிவதில்லை. எதைக் குறைப்பது, எவ்வளவு, அதற்குப் பதிலாக எதைப் போடுவது என்று இருந்து கதைப்பவர்தான் டயட்டீஷியன். துணுக்காயிலோ ஒட்டுசுட்டானிலோ இருப்பவர் அதற்காக ஒரு நாள் கூலியை விட்டு யாழ்ப்பாணத்துக்கு பஸ் ஏற வேண்டியதில்லை, போனிலேயே கதைத்து முடிக்கலாம். ஆனால் கமராவில் அவருக்குத் தெரிவது உங்கள் முகமும் பின்னால் இருக்கும் சுவரும்தான். உங்கள் சோற்றுக் கோப்பை எவ்வளவு ஆழம், அரிசி அளக்கும் சுண்டு எவ்வளவு பிடிக்கும், சொதிக்கு எத்தனை தேங்காய் என்பது எதுவும் தெரியாது. நீங்கள் அளந்து எழுதிக் கொண்டுபோவது எவ்வளவோ அவ்வளவுக்குத்தான் ஆலோசனையும் சரியாக வரும். கதைக்கும் முக்கால் மணித்தியாலத்தை விட அதற்கு முந்திய மூன்று நாள் முக்கியம் என்பது அதனால்தான்.

யாரிடம் போவது

முதலில் உங்கள் மாவட்ட வைத்தியசாலையில் போசாக்குப் பிரிவு இருக்கிறதா என்று கிளினிக் நேர்ஸிடம் கேளுங்கள். அரச வைத்தியசாலையில் காசில்லாமல் கிடைப்பதை விட்டுவிட்டு வெளியே தேடத் தேவையில்லை. வெளியேதான் என்றால், பெயருக்குப் பின்னால் இருக்கும் எழுத்துகளைப் பார்த்து மயங்காமல் நேரே கேளுங்கள்: என்ன பட்டம், எந்தப் பல்கலைக்கழகம், எந்த வைத்தியசாலையில் நோயாளிகளோடு பயிற்சி. இலங்கையில் வயம்பப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் போசாக்கைப் பட்டப்படிப்பாகவே படிப்பிக்கிறார்கள். இந்தியாவில் இருப்பவர் என்றால் இந்திய டயட்டீஷியன் சங்கத்தின் 'ஆர்.டி.' (பதிவுபெற்ற டயட்டீஷியன்) பதிவு இருக்கிறதா என்று கேட்கலாம். லண்டனில் இருக்கும் மகன் அங்கேயே ஒருவரைப் பிடித்துத் தந்தால், அந்த நாட்டில் 'டயட்டீஷியன்' என்ற பெயரை எச்.சி.பி.சி. என்ற சுகாதாரத் தொழிலாளர் ஒழுங்கமைப்புச் சபையின் பதிவேட்டில் இருப்பவர் மட்டும்தான் பாவிக்கலாம். இணையத்தில் பெயரை அடித்தால் பதிவு இருக்கிறதா இல்லையா தெரிந்துவிடும். 'நியூட்ரிஷனிஸ்ட்' என்ற பெயருக்கு அங்கே அந்தச் சட்டக் காவல் இல்லை.

மாதம் பத்துக் கிலோ குறைப்பதாக உத்தரவாதம் தருகிறவர், தன்னிடமே மாப்பேணி வாங்கச் சொல்கிறவர், மருந்தை நிறுத்தச் சொல்கிறவர், உங்களிடம் ஒரு கேள்வியும் கேட்காமல் அட்டவணையை அனுப்புகிறவர் ஆகியோரை அந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் டொக்டரின் வேலை. நல்ல டயட்டீஷியன் அந்த எல்லையைத் தானாகவே சொல்லிவிடுவார்.

தமிழில் கதைப்பவர்தான் வேண்டும். காரணம், சமைப்பவரும் பக்கத்தில் இருந்து கேட்க வேண்டும். ஆனால் தமிழ் ஒன்றென்றாலும் அளவு ஒன்றில்லை. சென்னையில் இருப்பவருக்குச் சொதி, றாத்தல், சுண்டு எல்லாம் புதிது. "காலமை கால் றாத்தல் பாண்" என்றால் அவருக்கு விளங்காது. 450 கிராம் இறாத்தலில் காற்பங்கு, அதாவது 110 கிராம் அளவு பாண் என்று சொல்லிப் பழகுங்கள். அதில் ஏறத்தாழ 55 கிராம் மாச்சத்து, அதாவது இரத்தத்தில் சீனியாக மாறுவது, இருக்கும்.

நேரமும் பிசகும். இந்தியாவுக்கும் எங்களுக்கும் ஒரே மணி. லண்டன் எங்களுக்குப் பின்னால் கோடையில் நாலரை, குளிரில் ஐந்தரை மணித்தியாலம். ரொறன்ரோ கோடையில் ஒன்பதரை, குளிரில் பத்தரை. ஏழு மணி என்று அனுப்பினால், யாருடைய ஏழு மணி என்று திருப்பிக் கேட்டு உறுதிப்படுத்துங்கள்.

ஒன்லைன் சரிவராத இடங்களும் இருக்கின்றன. காரணமில்லாமல் நிறை இறங்குகிறது, விழுங்கக் கஷ்டம், வாந்தி நிற்கவில்லை, பிள்ளையின் கால் வீங்கியிருக்கிறது என்றால் முதலில் ஆஸ்பத்திரி. குழந்தையின் நிறை கொப்பியில் கோடு கீழே இறங்கினால் குடும்பநல உத்தியோகத்தரிடம் காட்டுங்கள். கர்ப்பகாலச் சீனியைக் கர்ப்பிணிக் கிளினிக்கில் சொல்லாமல் போனில் மட்டும் பார்க்கக் கூடாது.

தாள்கள், நிறை, மருந்து

கிளினிக் கொப்பி, கடைசி ஆறு மாத இரத்தப் பரிசோதனைத் தாள்கள், குடிக்கும் மருந்துகளின் மட்டைகள் மூன்றையும் ஒரே இடத்தில் எடுத்து வையுங்கள். தாளை மேசையில் மடிப்பில்லாமல் விரித்து, யன்னல் வெளிச்சத்தில், நாலு மூலையும் தெரிய மேலிருந்து படம் எடுங்கள். இரவு பல்ப் வெளிச்சத்தில் எடுத்தால் உங்கள் கையின் நிழல் சரியாக கிரியேற்றினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அளவு) எண்ணுக்கு மேலேதான் விழும். பெயரும் திகதியும் அலகும் படத்தில் இருக்க வேண்டும். மருந்தின் பெயரைக் கேட்டு எழுதாமல் மட்டையையே படம் எடுங்கள், மில்லிகிராமும் அதில்தான் இருக்கிறது. ஆயுர்வேதம், கைமருந்து, வெளிநாட்டிலிருந்து வந்த வைற்றமின் எல்லாம் இதற்குள் அடக்கம்.

அலகைப் பற்றி ஒரு சொல். இங்கே சீனியை மில்லிகிராம்/டெசிலீற்றரில் தருகிறார்கள். லண்டனிலும் கனடாவிலும் மில்லிமோல்/லீற்றர். 18ஆல் பெருக்கினால் எங்கள் கணக்கு வரும்: அங்கத்தைய 7 இங்கத்தைய 126. எச்.பி.ஏ.1.சி. என்ற மூன்று மாதச் சராசரிச் சோதனையிலும் 7 வீதம் என்று வரும், அது வேறு 7. "அம்மாவுக்குச் சீனி ஏழு" என்று மகன் போனில் சொன்னால் இரண்டில் எது என்று தெரியாது. தாளையே அனுப்புங்கள். கிரியேற்றினின் 1.2 என்பது வெளிநாட்டுத் தாளில் 106 என்று வரும், எண் பெரிதாகத் தெரிவது அலகு மாறுவதால்தான்.

நிறையைக் காலமையில், மலசலம் கழித்தபின், சாப்பிட முன், மெல்லிய உடுப்போடு பாருங்கள். தராசு சீமெந்துத் தரையில் இருக்க வேண்டும். பாயிலோ மண்தரையிலோ வைத்தால் இரண்டு கிலோ அங்குமிங்கும் போகும். வீட்டில் தராசு இல்லையென்றால் 35 வயதைக் கடந்தவர்கள் ஆரோக்கிய வாழ்க்கை முறை நிலையத்துக்குப் போகலாம். நிறை, உயரம், பிறஷர், சீனி எல்லாவற்றையும் அங்கே இலவசமாகப் பார்த்து எழுதித் தருவார்கள். இடுப்பளவைத் தையல் நாடாவால் எடுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில், மூச்சை விட்டபின், வயிற்றை உள்ளே இழுக்காமல். சாறம் கட்டும் இடம் இடுப்பல்ல, ஆண்கள் பலருக்கு அது வயிற்றுக்குக் கீழே. எங்கள் ஆட்களுக்கு ஆண் 90, பெண் 80 சென்ரிமீற்றர் எல்லை. நிறையை உயரத்தின் வர்க்கத்தால் பிரித்து வரும் பி.எம்.ஐ. 23ஐத் தாண்டினாலே ஆசியருக்குக் கவனம் வேண்டும், 27.5ஐத் தாண்டினால் ஆபத்து அதிகம். 1.60 மீற்றர் உயரமும் 68 கிலோவும் என்றால் 26.6.

மூன்று நாள் கொப்பி

இரண்டு வேலை நாள், ஒரு ஞாயிறு அல்லது கோயில் நாள். வாயில் போனதெல்லாம் போன உடனே எழுத வேண்டும். இரவு படுக்கப்போகும்போது யோசித்து எழுதினால் வரம்பில் நின்று குடித்த தேத்தண்ணி மறந்துபோகும்.

சோற்றை எப்படி எழுதுவது? "ஒரு கோப்பை" என்று எழுதாதீர்கள். ஒருமுறை, ஒரே ஒருமுறை, உங்கள் சுண்டைத் தலைதட்டி அரிசி நிரப்பிக் கடைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். பேணிக்குப் பேணி அது மாறும். 200 கிராம் பிடிக்கிறது என்று வைப்போம். மத்தியானம் மூன்று சுண்டு போட்டு நான்கு பேர் மிச்சமில்லாமல் சமமாகச் சாப்பிட்டால், ஆளுக்கு 150 கிராம் அரிசி. அதில் 115 கிராமுக்குக் குறையாத மாச்சத்து. சீனி வருத்தக்காரர் ஒருவருக்கு டயட்டீஷியன் ஒரு நேரத்துக்குச் சொல்லக்கூடியது பெரும்பாலும் 45 முதல் 60 கிராம். பாதியாக்கச் சொல்லி அவர் ஏன் நிற்கிறார் என்பது இந்தக் கணக்கைப் பார்த்தால் உங்களுக்கே விளங்கும். அப்பாவுக்கு இரண்டு அகப்பை கூட, சின்னவளுக்கு ஒரு அகப்பை என்றால் அதையும் எழுதுங்கள்.

பிட்டுக்கு மா எவ்வளவு, தேங்காய்ப்பூ எவ்வளவு, அரிசி மாவா கோதுமை மாவா குரக்கனா, எத்தனை பேர் சாப்பிட்டது. இடியப்பம் எத்தனை தட்டு. சொதி முதற்பாலிலா கப்பிப்பாலிலா. மீன் பொரித்ததா குழம்பா, நந்திக்கடல் இறாலா குளத்து மீனா. கருவாடு, ஊறுகாய், சோயாமீற். எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி 14 கிராம் கொழுப்பு. "கொஞ்சம் விட்டனான்" என்பது எத்தனை கரண்டி என்று ஒருநாள் ஊற்றிப் பார்த்தால் தெரியும்.

படமும் எடுங்கள். கோப்பைக்கு நேர் மேலே பிடித்தால் குவியலின் உயரம் தெரியாது, சற்றுச் சரித்துப் பிடியுங்கள். பக்கத்தில் ஒரு மேசைக்கரண்டியை வைத்தால் அளவு தெரியும். சாப்பிட முன் ஒன்று, சாப்பிட்டு முடிய ஒன்று. இரண்டாவது தரம் போட்டால் அதற்கும் ஒன்று. படத்தில் வராதது மேலே ஊற்றிய சொதி, அதைக் கொப்பியில் எழுதிவிடுங்கள்.

அதிகமாகத் தப்பிப்போவது பனங்கட்டி. "நான் தேத்தண்ணிக்குச் சீனியே போடுறேல்லை" என்று உண்மையாகத்தான் சொல்வார்கள். உள்ளங்கையில் ஒரு துண்டு பனங்கட்டி, ஒரு கடி, ஒரு மிடறு பிளேன்ரீ. ஆறு மிடறுக்குள் துண்டு முடிந்துவிடும். சீனியில் இருக்கும் அதே சுக்குரோசுதான் பனங்கட்டியிலும் பெரும்பங்கு. கொஞ்சம் கனிப்பொருள் இருப்பதால் இரத்தச் சீனி ஏறாமல் விடாது. வெளியூர் டயட்டீஷியனுக்கு இப்படி ஒரு பழக்கம் இருப்பதே தெரியாமல் இருக்கலாம், கேட்கவும் மாட்டார். நீங்களாக எழுத வேண்டும். சீனி போடுபவர்களும் கணக்குப் பாருங்கள்: நாளுக்கு ஐந்து தேத்தண்ணி, ஒவ்வொன்றிலும் மூன்று தேக்கரண்டி என்றால் பதினைந்து கரண்டி, 60 கிராமுக்கு மேல். உலக சுகாதார நிறுவனம் வளர்ந்தவருக்குச் சொல்லும் மேல் எல்லை 50 கிராம் அளவு, 25க்குள் நின்றால் இன்னும் நல்லது.

நினைவு பொய் சொல்லும், கடைக் கொப்பி சொல்லாது. மாதம் வீட்டுக்கு எத்தனை கிலோ சீனி, எத்தனை போத்தில் எண்ணெய், எத்தனை தேங்காய், எத்தனை பக்கெற் உப்பு வாங்குகிறீர்கள், எத்தனை பேர் என்று ஒரு வரி எழுதிக் கொடுங்கள். உப்பு ஆளுக்கு நாளுக்கு 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி, என்ற கணக்கில் ஐந்து பேருக்கு மாதம் 750 கிராம். பிறஷர் இருக்கும் வீட்டில் அதற்கு மேல் போகிறதென்றால், கருவாட்டையும் கடை ரோல்ஸையும் சேர்க்காமலே எல்லை தாண்டியாயிற்று.

கதைக்கும் நாள்

படங்களை முதல் நாளே அனுப்பிவிடுங்கள், கதைத்துக்கொண்டிருக்கும்போது அனுப்பினால் சிக்னல் இல்லாத இடத்தில் அது சுற்றிக்கொண்டே இருக்கும். ஒரு ஜீ.பீ. டேட்டா கையில் வைத்திருங்கள், போனை முழுதாக சார்ஜ் பண்ணுங்கள், கரண்ட் எப்போது நிற்கும் என்று தெரியாது. வீடியோ வெட்டி வெட்டி வந்தால் கமராவை நிற்பாட்டிவிட்டுக் குரலில் மட்டும் தொடருங்கள், ஒன்றும் குறையாது. சாதாரண அழைப்புக்கு ஒரு நம்பரையும் முன்கூட்டியே கொடுத்து வையுங்கள். சிக்னலுக்காக றோட்டோரம் நின்று கதைக்காதீர்கள். மாதவிடாய், மலச்சிக்கல், குடிப் பழக்கம் எல்லாம் கேட்பார்கள், பக்கத்து வீட்டுக்காரருக்கு முன்னால் யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள்.

முதல் முறை 45 நிமிடத்திலிருந்து ஒரு மணித்தியாலம். முதல் பாதியில் அவர் அறிவுரையே சொல்ல மாட்டார், கேள்விதான். நேற்றுக் காலமை எழும்பியதிலிருந்து இரவு படுக்கும்வரை என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு, யார் சமைப்பது, எந்த மருந்து எப்போது, என்ன வேலை, நித்திரை எவ்வளவு. சமைப்பவர் பக்கத்தில் இருக்கட்டும். அம்மாவுக்காக மகள் போனைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் தானே பதில் சொல்வது வழமை. அதைக் கொஞ்சம் அடக்கி அம்மாவைக் கதைக்க விடுங்கள். மகளுக்குத் தெரியாத பனங்கட்டி அம்மாவின் சேலைத் தலைப்பில் இருக்கும்.

கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டியவை இருக்கின்றன. வெள்ளி விரதம், கந்தசஷ்டி, தவக்காலம், நோன்பு. வற்றாப்பளைப் பொங்கலுக்கு எத்தனை நாள் மச்சம் இல்லை. காலபோக விதைப்பிலும் அறுவடையிலும் விடிய நாலு மணிக்குப் போய்ப் பத்து மணிக்குத்தான் முதல் சாப்பாடு என்பது. வயலுக்குப் போகும் மாதமும் சும்மா இருக்கும் மாதமும் ஒரே உடம்புக்கு வேறு வேறு தேவை. அதைச் சொல்லாவிட்டால் கதிரையில் இருக்கும் உத்தியோகத்தருக்கான அட்டவணைதான் வரும்.

கிளிக்லசைட் போன்ற குளிசையோ இன்சுலினோ எடுப்பவர் இதைக் கவனமாக வாசிக்க வேண்டும். சோறு பாதியாகிறது, மருந்து பழைய அளவிலேயே இருக்கிறது, மேலே வெயிலும் மண்வெட்டியும். சீனி 70க்குக் கீழே இறங்கும். நடுக்கம், குளிர்ந்த வியர்வை, பசி, தலை கிறுகிறுப்பு. உடனே மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் இன்னொருமுறை, அதன் பிறகு சாப்பாடு. மயங்கிவிட்டால் வாயில் ஒன்றும் ஊற்றாமல் சரித்துப் படுக்கவைத்து 1990 அம்புலன்ஸை அழையுங்கள். ஆகவே மாச்சத்தைப் பெரிதாகக் குறைக்கும் திட்டம் என்றால், தொடங்க முன் அதைக் கிளினிக் டொக்டரிடம் காட்டி மருந்தைப் பற்றிக் கேட்டே ஆக வேண்டும். மெற்போமின் மட்டும் குடிப்பவருக்கு இந்தப் பயம் மிகக் குறைவு.

அடுத்தது சிறுநீரகம். வவுனியா மாவட்டத்தின் சில பகுதிகளில் காரணம் பிடிபடாத சிறுநீரக நோய் இருப்பது தெரிந்த விடயம். சீனியும் பிறஷரும் சேர்ந்தும் சிறுநீரகத்தைக் கெடுக்கும். கிரியேற்றினின் தெரியாமல் "கீரை நிறையச் சாப்பிடுங்கோ, இளநீர் குடியுங்கோ, முட்டையைக் கூட்டுங்கோ" என்பது ஆபத்தான நல்ல வார்த்தை. சிறுநீரகம் பழுதானவருக்கு இளநீர், வாழைப்பழம், முருங்கையிலை ஆகியவற்றில் உள்ள பொற்றாசியம் இரத்தத்தில் தேங்கி இதயத் துடிப்பையே குழப்பும். ஒரு வருடத்துக்குள் எடுத்த கிரியேற்றினின் இல்லையென்றால் அதை எடுத்துக்கொண்டு போங்கள்.

திட்டம் கையில் வந்தபிறகு

பெரும்பாலும் வட்ஸ்அப்பில் பீ.டீ.எப். வரும். கொமினிகேசனில் பிறின்ற் எடுத்து அடுப்படியில் ஒட்டுங்கள், போனுக்குள் இருப்பதைச் சமைக்கும்போது யாரும் திறக்க மாட்டார்கள். ஆனால் ஒட்ட முன் ஒருமுறை ஒவ்வொரு வரியாக வாசியுங்கள். ஓட்ஸ், புரொக்கோலி, ஒலிவ் எண்ணெய் என்று இருந்தால், முள்ளியவளைச் சந்தையில் கிடைக்கிறதைச் சொல்லி மாற்றித் தரக் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவில்லை. ஓட்ஸுக்குப் பதில் அவித்த பயறோ கௌபியோ, புரொக்கோலிக்குப் பதில் பயற்றங்காயோ புடலங்காயோ, கோழி நெஞ்சுக்குப் பதில் குளத்து மீனோ நெத்தலியோ பிழையில்லாமல் வரும்.

குரக்கனிலும் ஒடியலிலும் பலர் ஏமாறுகிறார்கள். குரக்கனில் நார்ச்சத்தும் கல்சியமும் கூட என்பது உண்மை. ஆனால் 100 கிராம் குரக்கன் மாவில் 70 கிராம் அளவு மாச்சத்து, அரிசி மாவுக்குக் கிட்டத்தான். "குரக்கன் பிட்டுத்தானே" என்று இரண்டு மடங்கு சாப்பிட்டால் சீனி ஏறத்தான் செய்யும். ஒடியல் பிட்டும் மாச்சத்துக் கணக்கில்தான் வரும். குத்தரிசிச் சோற்றுக்கும் அளவு உண்டு.

வீட்டில் இரண்டு உலை வைக்கச் சொல்லும் திட்டம் ஒரு கிழமைக்கு மேல் நிற்காது. ஒரே பானைச் சோறு, ஒரே கறி, கோப்பையில் மட்டும் பங்கு மாற வேண்டும்: பாதி மரக்கறியும் கீரையும், காற்பங்கு சோறு, காற்பங்கு மீனோ பருப்போ முட்டையோ. சொதியை எல்லாருக்கும் கப்பிப்பாலிலேயே வைத்தால் ஒருவருக்காக வேறாக்க வேண்டியதில்லை.

கிழமைக்கு அரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோ குறைந்தால் சரியான வேகம். 80 கிலோக்காரருக்கு 4 கிலோ, அதாவது ஐந்து வீதம், இறங்கினாலே சீனியிலும் பிறஷரிலும் மாற்றம் தெரியும். முதல் கிழமையில் மூன்று கிலோ போனால் அதில் பெரும்பங்கு தண்ணீர். அடுத்த கிழமை நின்றுவிட்டதென்று கவலைப்பட வேண்டாம்.

இரண்டாவது சந்திப்பு இரண்டு முதல் நான்கு கிழமைக்குள், 15 முதல் 30 நிமிடம். காசு கட்ட முன்பே இதைக் கேட்டு வையுங்கள்: அந்தக் கட்டணத்துக்குள் எத்தனை தொடர் சந்திப்பு, இடையில் வட்ஸ்அப்பில் கேள்வி கேட்கலாமா, சிக்னல் விழுந்து பாதியில் நின்றால் என்ன செய்வார்கள். மூன்று மாதப் பக்கேஜை முதலே வாங்காமல் ஒரு சந்திப்புக்கு மட்டும் கட்டிப் பாருங்கள். இரண்டாவது முறை போகும்போது திட்டத்தில் எது முடியவில்லை என்று எழுதிக்கொண்டு போங்கள். "எல்லாம் சரியாச் செய்யிறன்" என்றால் அவருக்கு மாற்ற ஒன்றும் இருக்காது. எச்.பி.ஏ.1.சி. மூன்று மாதத்துக்கு முன் திரும்பச் செய்து பயனில்லை. அதற்குள் கொப்பியும் இடுப்பு நாடாவும் போதும். அறுவடை மாதத்துக்கு நாள் எடுக்காதீர்கள், வெட்டு முடிந்து நெல் வீட்டுக்கு வந்தபிறகு எடுங்கள்.